அந்த வார்த்தையைச் சொல்லலாமா? அறிவுத்திறன் குறைபாட்டுக்கு வைத்த பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதுவது யார்? டாக்டரா?

இல்லை. மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங் பக்கம் வளர்ந்தவள். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், வயது 46, பிறவியிலேயே அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர். பெற்றோர் கூடுகிற சந்திப்புகளுக்கு மலாய், ஆங்கிலத் துண்டறிக்கைகளைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பேன். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. அங்கே யாராவது ஒருவர் கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, “இதைத் தமிழ்ல எப்படிமா சொல்றது, அசிங்கமா இல்லாம?” என்று கேட்பார். அப்படிக் கேட்டவைதான் இங்கே இருப்பவை.

அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அண்ணனுடைய காகிதங்களை எல்லாம் போட்டு வைத்திருக்கிறார். 1986-இல் தட்டச்சு செய்து கொடுத்த ஆஸ்பத்திரிக் கடிதத்தில் ‘மெண்டலி ரிட்டார்டட்’ என்று இருக்கிறது. தொண்ணூறுகளில் வந்த மலாய்க் கடிதத்தில் ‘தெரென்ச்சாட் ஆக்கால்’, அதாவது வளராமல் நின்றுபோன புத்தி. கோயில் திருவிழா மலரிலிருந்து கத்தரித்த ஒரு படத்தின் கீழே ‘மனவளர்ச்சி குன்றியவர்’. இப்போதைய ஓகேயு பதிவில் (மலேசிய அரசின் மாற்றுத்திறனாளிகள் பதிவு) ‘மசாலா பெம்பெலாஜாரான்’, கற்றல் சிக்கல். ஒரே ஆள், நான்கு பெயர்.

(‘மசாலா’ என்றால் மலாயில் சிக்கல், பிரச்சினை. அண்ணனுக்கு அது கறி மசாலாதான். “என் மசாலா கார்டு எங்க?” என்று கேட்பார். நாங்களும் வீட்டில் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.)

சரி, இப்போதைக்கு எந்தச் சொல்தான் சரி?

தமிழில் ‘அறிவுசார் குறைபாடு’ அல்லது ‘அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்’ என்று எழுதுங்கள். நான் இரண்டாவதைத்தான் எழுதுகிறேன், ‘அறிவுசார்’ என்பது ஏதோ மாநாட்டுத் தலைப்பு மாதிரி இருக்கிறது. மருத்துவத்தில் அதன் அர்த்தம் மூன்று விஷயம் சேர்ந்தது: அறிவுச் சோதனையில் மதிப்பெண் ஏறக்குறைய 70-க்குக் கீழே, அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வதில் சிரமம், இரண்டும் வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே பரீட்சையில் தேறாத பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயர் பொருந்தாது.

அரசாங்கப் படிவம் என்றால் அதில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள், அங்கே மொழிப் போராட்டம் வேண்டாம். பேச்சில் என்றால், பெயரைச் சொல்லிக் கூப்பிட முடிகிற ஆளுக்கு இந்தச் சொல் எதற்கு?

‘மனவளர்ச்சி குன்றியவர்’ மரியாதையான சொல்தானே? இத்தனை நாள் அப்படித்தானே எழுதினோம்?

மரியாதையாகச் சொல்ல நினைத்துத்தான் அந்தச் சொல்லை உண்டாக்கினார்கள், அதில் சந்தேகமில்லை. ‘மந்தபுத்தி’யோடு ஒப்பிட்டால் அது பட்டுத்துணி. எனக்கு அதில் இருக்கும் சண்டை வேறு. தமிழில் மனம் என்பது கணக்குப் போடுகிற இடம் இல்லை. மனம் நோகும், மனம் இரங்கும், மனசு கேட்காது, மனசே இல்லாமல் கிளம்புவோம். அண்ணனுக்கு நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மீதி எண்ணத் தெரியாது. ஆனால் எங்கள் சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில், வீட்டில் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் போய் மின்விசிறியைச் சித்தி பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இதில் எது குன்றியிருக்கிறது?

இன்னொரு கோளாறும் உண்டு. ‘மன’ என்று தொடங்கினாலே நம் ஆட்களுக்கு மனநோய் ஞாபகம் வந்துவிடுகிறது. ‘மூளை வளர்ச்சி குன்றியவர்’ என்பதும் உதவாது, பல பேருக்கு மூளைப் படத்தில் ஒரு குறையும் தெரியாது.

இதுவும் மனநோயும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. மனநோய் யாருக்கும் எந்த வயதிலும் வரலாம், மருந்து உண்டு, பலர் குணமாகிறார்கள். அறிவுத்திறன் குறைபாடு நோயே இல்லை, மருந்து கொடுத்துத் தீர்க்க அதில் ஒன்றும் கிடையாது, கற்றுக்கொடுக்கலாம், துணை நிற்கலாம், அவ்வளவுதான். இரண்டும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு, அது வேறு கதை. மலேசியாவின் ஓகேயு பதிவில் ஏழு வகை இருக்கின்றன: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்டவை. கற்றலும் மனநலமும் தனித்தனி வரிசை. பேராக் மாநிலத்தில் 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறது. இன்று அதன் பெயர் ‘பஹாகியா’, மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். ஆனால் எங்கள் தெருவில் யாராவது ஏறுக்கு மாறாகப் பேசினால் “தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்” என்றுதான் இன்றும் சொல்வார்கள். மருத்துவமனைக்கு என்ன பெயர் மாற்றினாலும் ஊரின் பெயரே வசவாகிவிட்டது, பாவம், அங்கே வீடு வாசலோடு வாழ்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

ஆங்கிலத்திலும் இப்படி மாறிக்கொண்டே இருந்ததா?

நம்மைவிட மோசம். இன்று சினிமாவில் வில்லன் திட்டுகிற ‘இடியட்’, ‘இம்பெசைல்’, ‘மோரான்’ மூன்றும் ஒரு காலத்தில் டாக்டர்கள் ரிப்போர்ட்டில் எழுதிய சொற்கள். இரண்டு வயதுக் குழந்தையின் அறிவு என்றால் முதலாவது, மூன்றிலிருந்து ஏழு என்றால் இரண்டாவது, எட்டிலிருந்து பன்னிரண்டு என்றால் மூன்றாவது. மோரான் என்பதை 1910-இல் ஹென்றி காடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கிரேக்கச் சொல்லிலிருந்து புதிதாகவே செய்தார். அவருக்கு முன் யாரும் அதைச் சொல்லித் திட்டியதில்லை. சுத்தமான, யார் கையும் படாத சொல். சில வருஷங்களில் அது தெருவுக்கு வந்துவிட்டது.

அதைவிட எனக்குப் பிடித்த கதை அமெரிக்காவில் 1876-இல் தொடங்கிய ஒரு மருத்துவர் சங்கத்தின் கதை. முதல் பெயரில் ‘இடியட்டிக்’ இருந்தது, ‘ஃபீபிள் மைண்டட்’ இருந்தது. 1906-இல் இடியட் போயிற்று. 1933-இல் ‘மெண்டல் டெஃபிஷியன்சி’. 1987-இல் ‘மெண்டல் ரிட்டார்டேஷன்’. 2007-இல் ‘இன்டெலெக்சுவல் டிசபிலிட்டி’. ஒவ்வொரு தடவையும் முந்தைய பெயரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள். ‘ரிட்டார்ட்’ என்பதற்கு வேர்ப்பொருள் தாமதம் மட்டுமே. பஸ் தாமதம், மழை தாமதம் என்பது போல. அந்தச் சொல்லை அமெரிக்க மத்தியச் சட்டங்களிலிருந்து நீக்க 2010-இல் ரோசா சட்டம் என்று தனியாக ஒரு சட்டமே வந்தது.

பிரிட்டனில் பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி’ 1994-இல் தன் பெயரை ‘ஸ்கோப்’ என்று மாற்றியது, ஏனென்றால் பள்ளிப் பிள்ளைகள் ‘ஸ்பாஸ்டிக்’ என்று திட்ட ஆரம்பித்திருந்தார்கள். அப்புறம் ‘ஸ்கோப்பர்’ என்று திட்டினார்களாம். எங்கள் பினாங்கிலும் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கான சங்கம் ஒன்று, பழைய ஸ்பாஸ்டிக் என்ற சொல்லைப் பெயரில் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறது. முன்னே தெரிந்த பெயரில் தேடி வருகிறவர்களும் கண்டுபிடிக்க வேண்டுமே. அந்த அடைப்புக்குறியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏனோ ஒரு நிம்மதி.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையை ‘மங்கோல்’ என்று பாட்டி சொல்கிறார். அதன் கதை என்ன?

1866-இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர், இந்தக் குழந்தைகளின் முகச்சாயலை வைத்து மங்கோலிய இனத்தோடு ஒப்பிட்டு எழுதினார். மனிதர்களை இனவாரியாக மேல் கீழ் என்று அடுக்கிய காலம் அது. 1959-இல் ஜெரோம் லெஜன் குழுவினர் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதுதான் காரணம் என்று காட்டினார்கள். 1961-இல் அறிவியலாளர் பலர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அந்தப் பெயரை விடும்படி கேட்டு எழுதினார்கள். 1965-இல் மங்கோலிய அரசே உலகச் சுகாதார நிறுவனத்திடம் கேட்க, நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டது. ஒரு நாடே வந்து ‘எங்கள் பெயரை விட்டுவிடுங்கள்’ என்று கேட்க வேண்டியிருந்தது, பாருங்கள்.

பினாங்கில் இது இன்னும் வேடிக்கை. தமிழ்க் குழந்தை அப்படிப் பிறந்தால் அக்கம்பக்கத்தில் “சீனப் பிள்ளை மாதிரி இருக்கு” என்பார்கள். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கும் அதே போல ஒரு பிள்ளை பிறந்தால் அவர் யார் மாதிரி என்று சொல்வார்?

மலாயில் ‘ஓகேயு’ என்பது மரியாதையான சொல்தானா?

ஆமாம். ‘ஓராங் காச்சாட்’ என்று சொன்ன காலம் போய், 2008-இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே ‘ஓராங் குராங் உபாயா’ வந்துவிட்டது, அதன் சுருக்கம்தான் ஓகேயு. காச்சாட் என்றால் பழுது, சொத்தை. பழத்துக்கும் சட்டைக்கும் சொல்கிற சொல். அதை விட்டது நல்லதுதான்.

ஆனால் ‘உபாயா’வைக் கவனியுங்கள். நம் உபாயமும் அதுவும் ஒரே சமஸ்கிருத வேர். மலாயில் அது திறன், இயலுமை என்ற பொருளில் போயிற்று, தமிழில் தந்திரம் என்கிற பக்கம் சாய்ந்தது. தமிழ்க் காதில் கேட்டால் ‘உபாயம் குறைந்தவர்’, அதாவது சூது வாது தெரியாதவர். எங்கள் அண்ணனுக்கு இது சட்டத்தைவிடச் சரியாகப் பொருந்துகிறது. சீட்டு விளையாடினால் கையில் இருப்பதை எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் இறக்குவார்.

இன்னொன்று. ‘குராங்’ என்றால் குறைவு. நாம் தூக்கிப்போட்ட ‘ஊனம்’ இருக்கிறதே, அதன் வேர்ச்சொல்லுக்கும் குறைவு என்றுதான் பொருள். ஒரே பொருள், மலாயில் புது மரியாதை, தமிழில் பழைய அவமானம். அகராதியைப் பார்த்து ஒரு சொல் புண்படுத்துமா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஓகேயுவும் கெட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளி விடும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள், பந்தைத் தவறவிட்டவனைப் பார்த்து “நீ என்ன ஓகேயுவாடா?” என்று ஒரு குரல் கேட்கும்.

அப்போ ‘மாற்றுத்திறனாளி’?

தமிழ்நாட்டில் கருணாநிதி முதல்வராக இருந்தபோது ‘ஊனமுற்றோர்’ என்பதற்குப் பதிலாக அரசுச் சொல்லாக வந்தது. இப்போது எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளும் எழுதுகின்றன. முன்பு ‘உடற்பேறு குறைந்தவர்’ என்று படித்திருப்பீர்கள். நல்ல ஓசை, மேடையில் கம்பீரமாக ஒலிக்கும். எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, அதைக் கேட்டவுடன் சக்கர நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது, அண்ணன் மாதிரி ஆட்கள் வருவதில்லை. இரண்டாவது, “அவருக்கு என்ன மாற்றுத் திறன்?” என்று உண்மையாகவே கேட்டுவிடுகிறார்கள். பாட்டா, ஓவியமா, தேதி சொன்னால் கிழமை சொல்வாரா? ஒன்றும் இல்லை, பாவம், சாதாரண மனிதர். திறன் ஒன்றைக் காட்டினால்தான் இடம் என்பது போல ஆகிவிடக் கூடாது. பொதுவாக எல்லா வகையினரையும் சேர்த்துச் சொல்லும்போது நானும் பயன்படுத்துகிறேன், வேறு வழியில்லை.

எந்தச் சொல்லை வைத்தாலும் பத்து வருஷத்தில் வசவாகப் போகிறது. பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், பாதிப் பேர் கேட்கும்போது ஜெயித்துவிட்ட முகத்தோடு கேட்கிறார்கள். ஸ்டீவன் பிங்கர் என்ற மொழியியலாளர் 1994-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார், டிரெட்மில் என்று. ஓடிக்கொண்டே இருப்போம், இடம் நகராது. நம் செக்குமாடு மாதிரி.

அவர் சொன்னது சரிதான். சொல் தானாகக் கெடுவதில்லை, அந்த ஆட்களைப் பற்றி நமக்குள் இருக்கும் இளக்காரம் புதுச் சட்டையிலும் ஒட்டிக்கொள்கிறது. அது போகாதவரை எந்தச் சொல்லும் தப்பாது. அதற்காகச் சட்டையைத் துவைக்காமல் இருக்கிறோமா? நாளைக்கும் அழுக்காகும் என்று தெரிந்துதான் இன்றைக்குத் துவைக்கிறோம்.

ஒரு தடவை ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். முகப்பில் இருந்தவர் பழைய கோப்பைப் பார்த்து, ‘தெரென்ச்சாட் ஆக்கால் யார்?’ என்று மலாயில் சத்தமாகக் கூப்பிட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, கோப்பில் இருந்ததைப் படித்தார், அவ்வளவுதான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. அண்ணன்தான், தன் முறை வந்துவிட்டது என்று புரிந்து, கையைத் தூக்கினார். கோப்பில் வேறு சொல் இருந்திருந்தால் அந்த ஐந்து நிமிஷம் வேறு மாதிரி இருந்திருக்கும். சொல்லை மாற்றுவதால் கிடைப்பது அவ்வளவுதான், அந்த ஐந்து நிமிஷம். எனக்கு அது போதும், அதற்காக மாற்றலாம்.

நண்பர்களுக்குள் ‘லூசு’, ‘மெண்டல்’ என்று கிண்டல் பண்ணுவது கூடவா தப்பு?

‘லூசு’வை நானும் சொல்கிறேன், என் பிள்ளைகளிடமே. நம் ஊரில் மலாயில் வேறு ‘போடோ’ (முட்டாள்), ‘கீலா’ (பைத்தியம்), ‘தீகா சூக்கு’ (முக்கால், அதாவது அரைகுறை) என்று கடையே விரித்திருக்கிறோம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். பைத்தியம் என்ற சொல்லே பித்தத்திலிருந்து வந்த வைத்தியச் சொல்தான். சுந்தரர் ‘பித்தன்’ என்று திட்ட, சிவன் அதையே முதலாக வைத்துப் பாடச் சொன்ன ஊர் நம்முடையது. ‘பித்தா பிறைசூடீ’ என்று இன்றும் தேவாரம் பாடுகிறோம்.

என் கோடு இது: ஒருவரின் நிலைக்குப் பெயராக இன்றைக்குப் புழங்குகிற சொல்லை வசவாக்காதீர்கள். ஓகேயு, ஆட்டிசம், டவுன், ஸ்பெஷல். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பிள்ளை நாளைக்கு உதவி கேட்க வேண்டும். ‘மெண்டல்’ என் கணக்கில் சொல்லக் கூடாத பக்கம்தான் வருகிறது, இதில் என் கணவரோடு இன்னும் சண்டை தீரவில்லை.

தமிழ்ப்பள்ளியில் ‘குறைநீக்கல் வகுப்பு’ என்கிறார்களே, என் பிள்ளையை அதில் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால்…?

பதற வேண்டாம். மலாயில் ‘பெமுலிஹான்’. வாசிப்பு, எழுத்து, கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதே பள்ளியில் கொஞ்ச காலம் கொடுக்கிற உதவி. சிறப்புக் கல்வி வகுப்பு வேறு, அதற்கு மருத்துவர் சான்று வேண்டும். பெயர்தான் வம்பு. மலாயில் ‘மீட்டெடுத்தல்’ என்று இருந்ததைத் தமிழில் ‘குறை’ என்று தொடங்கி வைத்துவிட்டோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு ‘நீக்கல்’ காதில் விழாது.

‘சிறப்புக் குழந்தை’, ‘தெய்வக் குழந்தை’ என்று அன்பாகச் சொன்னால்?

அண்ணனுக்கு நரைத்துவிட்டது. குழந்தை என்று எப்போது நிறுத்துவீர்கள்? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனால் தெரியாத பெண்மணி எல்லாம் கன்னத்தைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள், அவருக்கு அது பிடிக்காது, பின்னால் ஒதுங்குவார். சின்னப் பிள்ளைக்குச் ‘சிறப்புக் குழந்தை’ என்று பெற்றோர் சொன்னால் அதில் நான் தலையிட மாட்டேன், அது அவர்கள் தெம்பு. பெரியவர்களைக் குழந்தை ஆக்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் பழைய சொல்லைச் சொன்னால் திருத்தலாமா?

ஆள் முன்னால் வேண்டாம். நீங்கள் அடுத்த வாக்கியத்தில் சரியான சொல்லைப் போட்டுப் பேசுங்கள். எங்கள் தாத்தா கடைசி வரை ‘அசடு’ என்றுதான் சொன்னார், ஆனால் மீன் குழம்பில் தலைத்துண்டு அண்ணன் தட்டுக்குத்தான் போகும். புதுச் சொல் எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த உறவினர் ஒருவர் கல்யாணத்துக்கு அண்ணனை மட்டும் விட்டுவிட்டு எங்களை அழைத்தார். இதில் யாரைத் திருத்துவது?

அவரவரிடமே கேட்க முடியாதா?

முடியும், ஆனால் பலருக்கு அது தோன்றுவதே இல்லை. கற்றல் சிக்கல் உள்ளவர்களே தங்களுக்காகப் பேசும் ‘யுனைட்டட் வாய்ஸ்’ என்ற சங்கம் கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் இருக்கிறது. அண்ணன் ஜெலுத்தோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காலை நேரம் வேலை செய்கிறார். நான் ஒருநாள் இந்தச் சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி எது பிடிக்கும் என்று கேட்டேன். அவருக்குச் சலிப்பு. “நான் மேசை” என்றார். கடையில் தண்ணி (டீ, காபி) கலக்குகிறவர், ரொட்டி போடுகிறவர், மேசை துடைக்கிறவர் என்று பிரிவு உண்டு. அவர் மேசை.

பழைய காகிதங்களில் அசிங்கமான சொல் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பெற்றோரின் ஓய்வூதியம் பிள்ளைக்குத் தொடர வேண்டும் என்றால், இந்தக் குறைபாடு எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்பார்கள், அப்போது சின்ன வயதுக் கடிதம்தான் கை கொடுக்கும், அதில் என்ன சொல் இருந்தாலும். 1986-ஆம் வருஷக் கடிதத்தை நாங்கள் மூன்று போட்டோஸ்டாட் எடுத்து வைத்திருக்கிறோம். அசல் டின்னிலேயே இருக்கிறது, மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது, தட்டச்சு எழுத்தும் மங்குகிறது. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் இந்த வாரமே போட்டோஸ்டாட் எடுத்துவிடுங்கள்.